அந்தப் பெயரில் இங்கே யாருமில்லை

மரண அறிவிப்புப் பக்கத்தை எனிட் ஷாராக் எப்போதும் கீழிருந்து மேலாகத்தான் படிக்கிறார். விரல் ஊர்ந்துகொண்டே வந்து ஒரு பெயரில் நிற்கும். கண்ணை மூடிக்கொள்வார், உதடு மட்டும் அசையும். பிறகு கைப்பேசியை எடுப்பார். "கேட்டியா? நம்ம ஈரக்கால் போயிட்டான். பேப்பர்ல 'வில்ஃப்ரெட் ஆக்டன்'னு போட்டிருக்கு. ஆமாய்யா, அவனேதான், கால்வாய்ல மூணு தடவை விழுந்தவன். வியாழக்கிழமை பதினொண்ணரை மணி. அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்து வெயில்ல போடு. வெயில் எங்கன்னு என்னைக் கேக்காத." இப்படி ஆறு அழைப்புகள். ஆறாவது முடிவதற்குள் காப்பிக் கடைப் பணிப்பெண் எங்கள் மேசையை மூன்று முறை துடைத்துவிட்டுப் போயிருப்பாள். எழுந்து போகச் சொல்வதற்கு இவ்விடத்தில் கடைப்பிடிக்கப்படும் நாகரிகமான முறை அது.

செவ்வாய்தோறும் காலை பத்தேகாலுக்கு எனிட் இங்கே வந்து அமர்கிறார். எழுபத்தொன்பது வயது, குட்டையான, அகன்ற உருவம், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் ஒரு பச்சைக் குடை. நாங்கள் உட்காரும் இந்தக் கண்ணாடிக் கட்டடம், பழைய துறைமுகத்தில் கப்பல்கள் நின்ற ஒன்பதாம் துறையின் தானியக் கிடங்கு இருந்த இடத்தில் நிற்கிறது. பெயரும் 'தானியக் கிடங்கு'தான். ஒன்றை இடித்துவிட்டு, அதன் பெயரை அடுத்துக் கட்டியதற்குச் சூட்டுவது எங்கள் சால்ஃபர்ட் நகரின் புதிய மரபு. இதையெல்லாம் கட்டிய நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிட்டிருப்பேன். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்கள் அதை மூன்று முறை மாற்றிவிட்டதால் எதைக் குறிப்பிடுவது என்று தெரியவில்லை. மூன்று கடிதத்தாள்களும் என்னிடம் உள்ளன.

இந்தத் துறைமுகத்தில் உழைத்த ஆண்களுக்குப் பெயர் இரண்டு. ஞானஸ்நானத்தில் வைத்தது பதிவேட்டுக்கும் மனைவிக்கும் உரியது. மற்றது, கப்பலின் அடிவயிற்றில் இறங்கிய முதல் வாரத்திலேயே கூட்டாளிகள் வைப்பது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. மூட்டை மேல் சாய்ந்த நொடியில் குறட்டை விடுகிறவர் 'விளக்கணை'. அடுத்தவன் போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போடுகிறவர் 'மாமியார்'. வாயைத் திறந்தால் வசைமொழி தவிர வேறெதுவும் வராதவர் 'பாதிரியார்'. சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்த என்னை, ஒரு தாளையும் கிழித்துப் போடாத குற்றத்துக்காக, 'ரசீது' என்றார்கள். இருபது ஆண்டுகள் தோளோடு தோள் நின்று மூட்டை தூக்கியவர்களுக்கு ஒருவர் மற்றவரின் உண்மைப் பெயர் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள முயல்வது போலீஸ்காரர்களின் வேலை என்று கருதப்பட்டது.

இரண்டு பெயர்களையும் அறிந்திருக்க வேண்டிய பதவி ஒன்றே ஒன்றுதான். அதில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர் எனிட். பெரிய வாயிலின் அறையில் அவருக்கு ஒரு தொலைபேசி, ஒரு பதிவேடு, ஒரு ஒலிபெருக்கி. வீட்டிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ யாராவது அழைத்து ஒரு பெயரைச் சொல்வார்கள். சேர்ந்த முதல் மாதத்தில் எனிட் அதை அப்படியே ஒலிபெருக்கியில் கூவிப் பார்த்தார். "ஆர்தர் பிலிங்ஸ்லி, வாயிலுக்கு வரவும்" என்று பதினொரு முறை. பதினொன்றாவது முறை ஒருவர் மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டு, "யார்ரா அந்தச் செவிட்டுப் பய? போய்த் தொலைங்களேன், அந்தப் பொண்ணு தொண்டை கிழியுது!" என்று கத்தினார். அவர்தான் ஆர்தர் பிலிங்ஸ்லி. அன்று முதல் எனிட் முறையை மாற்றினார். சொல்லப்படும் பெயரைப் பதிவேட்டில் பார்ப்பார். இருந்தால் அதற்குரிய பட்டப்பெயரை விசாரித்துக் கூவுவார். பதிவேட்டில் இல்லையென்றால், இல்லை என்று சொல்லி வைத்துவிடுவார். பதிவேடு என்பது அதற்குத்தானே.

துறைமுகம் மூடி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் அந்தப் பதவியிலிருந்து ஓய்வு பெறவில்லை. உண்மைப் பெயரில் வெளிவரும் மரண அறிவிப்பைப் பட்டப்பெயருக்கு மாற்றிச் சொல்ல வேறு ஆளில்லை. ஒரு வாரம் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது 'நாளைக்கு' என்று அழைக்கப்பட்டவர் அடக்கமானார். இருபது பேர் வந்திருக்க வேண்டிய இடத்தில், வந்தவர்கள் தேவாலயத்துப் பாதிரியும், அவரது பூனையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணும் மட்டும்.

சென்ற ஆண்டு நிறுவனத்துக்கு எங்கள் மேல் திடீரென்று அன்பு சுரந்தது. நீர்க்கரையில் நினைவுச் சுவர் ஒன்றை எழுப்பினார்கள். துருப்பிடித்தது போலவே தயாரிக்கப்பட்ட இரும்புத் தகடு; உண்மையான துருவை அகற்ற இவர்களுக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தது என்பதை நன்றியுடன் நினைவுகூர்கிறேன். பழைய பதிவேட்டிலிருந்து ஆயிரத்து நூற்று நான்கு பெயர்களை எடுத்து அதில் வெட்டினார்கள். அடி மூன்று வரிசைகளைக் காட்டு வாத்துகள் தங்களுக்குத் தெரிந்த வகையில் கௌரவித்து வருகின்றன.

திறப்பு விழாவுக்கு அறுபது கிழவர்கள் வந்தார்கள். தத்தம் பெயரைக் கண்டுபிடித்தார்கள். மற்றவன் பெயரைத் தேடத் தொடங்கியபோதுதான் கூட்டம் அப்படியே நின்றது.

"விளக்கணை எங்கய்யா? அவனைக் காணோமே?"

"நான்தான்யா இது. ஹெர்பர்ட் நட்டால்."

"நீ ஹெர்பர்ட்டா?" மாமியார் இரண்டடி பின்வாங்கி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷம் என் முதுகுக்குப் பின்னாடி நின்னியே, ஒரு நாளாவது ஹெர்பர்ட் மாதிரி நடந்துக்கிட்டியா?"

"உன் பேரென்ன, பெரிய இளவரசரா?"

"சிரில்."

அதன் பிறகு ஐந்து நிமிடங்களுக்கு ஒருவராலும் பேச முடியவில்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் எனிட்டிடம் வந்தார்கள். அவர் குடையை நீட்டி நீட்டிக் காட்டினார். "ஏழாவது வரிசை, பாதிரியார். பன்னிரண்டாவதுல மூணாவது, நாளைக்கு. பாவம், அவன் வந்து பார்க்கல." அந்தச் சுவரில் எனிட்டின் பெயர் இல்லை. பதிவேடு ஆண்களுடையது.

அன்று முதல் செவ்வாய்க்கிழமைகளில் காப்பிக்குப் பின் அவர் சுவருக்கு முன் நிற்கலானார். மகன்களும் பேத்திகளும் வந்து, "எங்க தாத்தாவை என்னன்னு கூப்பிட்டாங்க?" என்று கேட்பார்கள், சொல்வார். இதை நிறுவனம் கண்டுபிடித்துவிட்டது. பார்வையாளர் அனுபவ மேலாளர் என்ற பதவியிலுள்ள டாம்சின் என்ற இளம்பெண், பளிச்சென்ற மேலங்கியுடனும் உண்மையான வருத்தத்துடனும் வந்தாள்.

"எனிட், நீங்க சொல்றதெல்லாம் அவ்வளவு அழகா இருக்கு. ஆனா அனுமதி இல்லாம வாய்மொழியா வழிகாட்டக் கூடாது. காப்பீட்டுப் பிரச்சினை."

"ஏன் கண்ணு, என் வாய்லருந்து ஏதாவது கீழ விழுந்து யாருக்காவது அடிபட்டுடுமா?"

மார்ச் ஒன்பதாம் தேதியிட்ட கடிதமும் வந்தது. அதில் 'வாய்மொழியாக' என்ற சொல் இரண்டு இடங்களில் இருப்பதை நான் அடிக்கோடிட்டுக் காட்டினேன். எனிட் சட்டத்தை மதிக்கிறவர். அதன் பிறகு யாராவது வந்தால் வாயைத் திறப்பதில்லை. வரிசையைக் குடையால் காட்டிவிட்டு, விளக்கணை என்றால் கண்மூடிக் குறட்டை விடுவார். ஈரக்கால் என்றால் ஒரு காலைத் தூக்கி உதறுவார். முன்பு நான்கு பேர் நின்று கேட்ட இடத்தில் இப்போது நாற்பது பேர் நின்று பார்க்கிறார்கள். நிறுவனம் இதுவரை பதில் எழுதவில்லை.

இவ்வளவு பெயர்களில் ஒன்றே ஒன்று அவரை உறங்கவிடாமல் வைத்திருந்ததை மே மாதத்தில்தான் என்னிடம் சொன்னார்.

ஒன்பதாம் துறையில் சேர்ந்து சரக்கு இறக்கிய கும்பலில் 'மிட்டாய்' என்று ஒருவர் இருந்தார். கன்னத்தில் எந்நேரமும் ஒரு புதினா மிட்டாய். காலையில் வாயிலைக் கடக்கும்போது எனிட்டின் சன்னலுக்குள் ஒன்றை வைத்துவிட்டுப் போவார், பேச மாட்டார். பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட ஒலிபெருக்கியில் "மிட்டாய், வாயிலுக்கு வா" என்று எனிட் கூவ நேர்ந்ததில்லை. ஆகவே அவரது உண்மைப் பெயர் எனிட்டுக்குத் தெரியாது.

"ஒருத்தர்கூட அவனைத் தேடி போன் பண்ணல, ரசீது. வயித்துவலி வந்த பொண்டாட்டி இல்ல, பள்ளிக்கூடத்துல மண்டைய உடைச்சுக்கிட்ட புள்ள இல்ல. அப்படிப்பட்டவன் செத்தா பேப்பர்ல ஏதோ ஒரு பேரு வரும். நான் பார்த்துட்டு அடுத்த வரிக்குப் போயிடுவேன். வந்தே போயிருச்சோ என்னவோ. சவப்பெட்டி தூக்கறவங்களைத் தவிர ஒரு நாதி இருக்காது." குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே கேட்டார்: "உன் மாடியில இருக்கற குப்பையில ஒம்பதாம் துறை ஆள் கணக்கு இருக்குமா?"

"குப்பை இல்ல எனிட். வருஷ வாரியா அடுக்கியிருக்கேன்."

"அதான்யா, அடுக்கின குப்பை. கொண்டு வா."

என் பதினான்கு ஆண்டுப் பணியைப் பதினொன்று என்று எழுதிய ஓய்வூதிய அலுவலகத்தோடு நான் நடத்திய கடிதப் போக்குவரத்து நூற்று அறுபத்திரண்டு பக்கங்கள். அவற்றை இதுவரை ஒருவரும் பார்க்கக் கேட்டதில்லை. என் பெட்டியைத் திறக்கும்படி ஒருவர் கேட்டது அதுவே முதல் முறை. அடுத்த செவ்வாயன்று 1971ஆம் ஆண்டின் தாளைக் கொண்டுபோனேன். கும்பலுக்குப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டும் பதிவேட்டுப் பெயர்கள். எனிட் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் பென்சிலால் கோடிட்டேன். விளக்கணை, மாமியார், பாதிரியார், ஈரக்கால். பதினொரு கோடுகள் விழுந்தன. மீதி நின்ற பெயர் ஆம்ப்ரோஸ் வார்டில்.

"ஆம்ப்ரோஸ்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார் எனிட். சுவரில் முப்பத்தொன்றாம் வரிசையில் அந்தப் பெயர் இருந்தது. அதன் முன் போய் நின்று, வாத்து எச்சத்தைக் குடை நுனியால் சுரண்டினார்.

நூலகத்திலிருந்த வாக்காளர் பட்டியலில் ஆம்ப்ரோஸ் வார்டில் இல்லை. டிராம் பாதைக்கு அப்பால், முதியோர் குடியிருப்பில், எச். வார்டில் என்று ஒருவர் இருந்தார். நினைவுச் சுவரிலிருந்து நடந்தால் ஏழு நிமிடம். தம்பியாகவோ மகனாகவோ இருக்கும், ஆம்ப்ரோஸ் உயிரோடு இருக்கிறாரா என்றாவது சொல்வார் என்று அன்று பிற்பகலே போனோம். உள்ளே சென்றுகொண்டிருந்த ஒருவர் வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டதால் நேரே முதல் மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டினோம்.

திறந்த கிழவரின் இடது கன்னம் புடைத்திருந்தது. புதினா வாசனை நடைவழி முழுவதும் வந்தது.

"மிட்டாய்!" எனிட் குடையைக் கீழே போட்டுவிட்டார். "யோவ், உயிரோடதான் இருக்கியா! கண்டுபிடிச்சுட்டேன்யா உன் பேரை! ஆம்ப்ரோஸ்!"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அது எங்க அண்ணன்" என்றார்.

உள்ளே அழைத்து உட்காரவைத்தார். சன்னல் வழியே பார்த்தால் சுவரின் பின்புறம் தெரிந்தது. தகட்டைத் துளைத்து வெட்டிய பெயர்கள் அந்தப் பக்கத்தில் இடவலம் மாறித்தான் இருக்கும். அவர் பெயர் ஹோரேஸ். அண்ணன் ஆம்ப்ரோஸ் துறைமுகத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளில், 1966இல், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார். துறைமுக வேலைக்கான அவருடைய பதிவுப் புத்தகம் வீட்டில் கிடந்தது. அதில் புகைப்படம் ஒட்டாத காலம். புதிய புத்தகம் கேட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஹோரேஸ் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார். முதல் வாரத்திலேயே கூட்டாளிகள் மிட்டாய் என்று பெயரிட்டார்கள். அதன் பிறகு அவர் யாரென்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. பதினாறு ஆண்டுகள் ஆயிரம் பேர் நடுவில் ஒருவர் பொய்ப் பெயரில் வேலை செய்திருக்கிறார். அவரைக் காப்பாற்றியது எங்கள் பழக்கம்.

"அடப்பாவி" என்று எனிட் சிரித்தார். "அதான் உனக்கு ஒரு போன்கூட வரலையா?"

ஹோரேஸ் மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினார். "ஒண்ணு வந்துச்சு."

"வரலையே. வந்திருந்தா நான் கூப்பிட்டிருப்பேனே."

"எழுபத்து நாலு, பிப்ரவரி. எம் பொண்டாட்டி ஐரிஸோட அம்மா மாடிப்படியில விழுந்துட்டாங்க. என்னைக் கூப்பிடலாம்னு தெருமுனை பூத்லருந்து ஐரிஸ் போன் பண்ணினா. ஹோரேஸ் வார்டில்னு கேட்டிருக்கா. நீ புத்தகத்தைப் பார்த்துட்டு, 'அந்தப் பேர்ல இங்க யாருமே இல்லம்மா, எப்பவும் இருந்ததில்ல'ன்னு சொன்னியாம்."

எனிட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கல்யாணமாகி ஆறு வருஷம். தினமும் ரொட்டி கட்டிக் கொடுத்து அனுப்பினவ. அன்னிக்கு ராத்திரி கேட்டா, 'இத்தனை நாளும் எங்கதான் போயிட்டு வர்றீங்க?'ன்னு. புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அதுல அண்ணன் பேரு. 'அப்ப வேலைக்குப் போறது உங்க அண்ணன். ஆஸ்திரேலியான்னதும் பொய். நீங்க எங்க போறீங்க?'ன்னா."

"வாயிலுக்குக் கூட்டிட்டு வந்து எங்ககிட்ட நேர்ல காட்டியிருக்கலாமேய்யா!"

"கூட்டிட்டு வந்தா? எல்லாரும் 'வாடா மிட்டாய்'னு கூப்பிடுவீங்க. மூணாவதா ஒரு பேரு." அவர் முகத்தில் ஏதோ ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. "அந்த வார முடிவுல ஃப்ளீட்வுட்டுக்கு, அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. அங்கயே இருந்துட்டா. போன வருஷந்தான் தவறினா."

"அதுக்கப்புறமும் எட்டு வருஷம்" என்று எனிட் மெல்லச் சொன்னார், "தினமும் காலையில என் சன்னல்ல மிட்டாய் வச்சியே."

"நிறுத்தினா, ஏன்னு கேட்டிருப்பே. சொன்னா வேலை போயிடும்." தட்டிலிருந்த பிஸ்கட்டுகளை எங்கள் பக்கம் தள்ளினார். "உன் மேல தப்பில்ல எனிட். நீ சொன்னது சரிதானே. அந்தப் பேர்ல ஆளில்லதானே."

தேநீர் ஆறிப்போயிற்று. நாங்கள் கிளம்பினோம்.

டிராம் நிறுத்தம் அக்குடியிருப்புக்கு நேர் எதிரே. மழை பிடித்திருந்தது. எனிட் குடையை விரிக்கவில்லை. ஆவணங்களோடு வாழ்கிறவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த ஒரே வழியில் நானும் முயன்றேன். "பதிவேட்டுப்படி பார்த்தா நீ சொன்னதுல பிழையே இல்ல எனிட். என்கிட்ட நகல் இருக்கு" என்றேன்.

"வாயை மூடு, ரசீது."

மஞ்சள் டிராம் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போயிற்று. பன்னிரண்டு நிமிடம் கழித்து அடுத்தது வந்தது. ஓட்டுநர் எங்களுக்காகச் சற்றுக் காத்திருந்துவிட்டுப் போனார். அதன் வால் விளக்கு மறைவதற்குள் எனிட் தண்டவாளத்தைக் கடந்துவிட்டிருந்தார். நான் பின்னால் போனேன். குடியிருப்பின் வெளிக்கதவு இப்போது பூட்டியிருந்தது. பக்கத்துச் சுவரில் பொத்தான் வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் பெயர்ச் சீட்டுக்கான இடம். ஏழாம் எண்ணுக்கு எதிரில் சீட்டு இல்லை. எனிட் அந்தப் பொத்தானை அழுத்தினார்.

கரகரவென்று ஒலித்து, "யாரு?" என்றது குரல்.

"ஹோரேஸ் வார்டில் இருக்காருங்களா?" என்று எனிட் கேட்டார். "ஹோரேஸ் வார்டிலோட பேசணும்."

எனிட் தலையிலிருந்த பிளாஸ்டிக் மழைத்துணியை ஒரு பக்கம் விலக்கி, நனைந்த உலோகத் துளைகளின் மேல் காதைப் பதித்துக்கொண்டார்.